போர்ட்டலை விற்கப்போகும் மகனுக்கு, வெள்ளிக்கிழமைக்கு முன்

அன்பு மகனுக்கு,

இறைவனின் சாந்தி உன் மீதும், அந்த மாடி ஆபீஸில் உன்னோடு உட்கார்ந்து நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும் பதினோரு பேர் மீதும் உண்டாவதாக. குத்தாலத்தில் எல்லோரும் சுகம். உன் அத்தா சௌதியிலிருந்து திரும்பி வந்து ஆறு வருஷமாகியும் இன்னும் லீவில் வந்தவர் மாதிரியே வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். என் கண் தேவலை. ஆபரேஷன் செய்த இடது கண்ணால்தான் இதை எழுதுகிறேன் என்று சொல்லலாம், வலது கண் சும்மா கூட இருக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். போன செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, உன் கம்பெனியை விலைக்குக் கேட்கும் அந்தக் காகிதத்தை நீ காட்டினாய். "யோசிக்காம கையெழுத்தப் போடு தம்பி" என்றேன். அதற்கும் "சரிம்மா" என்றுதான் சொன்னாய். அந்தச் "சரிம்மா"தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. நான் சொன்னேன் என்பதற்காக நீ போட்டுவிடக்கூடாது. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போடாதே என்று சொல்ல வரவில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் வேலை என்னவென்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. கேட்டவர்களிடம் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துவிடுவேன். கண் ஆபரேஷனுக்காகத் தஞ்சாவூரில் பத்து நாள் உன்னோடு தங்கியது நல்லதாகப் போயிற்று. வீட்டில் தனியாக விட மனமில்லாமல் நீ என்னை ஆபீஸுக்குக் கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாய். டாக்டர் திரையைப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது? பார்க்க முடியாதவள் கேட்க ஆரம்பித்தேன். பாவம், பக்கத்து மேஜையில் இருந்த அந்தக் கவிதா. நிரலை எழுதுவாளா, எனக்குப் பதில் சொல்வாளா? ஆனாலும் முகம் சுளிக்காமல் சொன்னாள். ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. சம்பளக் கணக்குக்கு ஒரு கம்பெனியின் மென்பொருள், மருந்துக் கிடங்குக்கு இன்னொரு கம்பெனியுடையது, ரத்தப் பரிசோதனைக்கு வேறொன்று, டூட்டி லிஸ்டுக்கு வேறொன்று. ஒரு நர்ஸ் காலையில் வந்ததும் நாலு இடத்தில் நாலு பாஸ்வேர்டு போட்டு நுழைய வேண்டும். நீங்கள் செய்வது அத்தனைக்கும் ஒரே வாசல். ஒரு தடவை நுழைந்தால் அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். அதற்குத்தான் போர்ட்டல் என்று பெயர். "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். கவிதா சிரித்துவிட்டு, "இவ்வளவுதாம்மா. ஆனா அந்த நாலு கம்பெனியும் ஒருத்தரோட ஒருத்தர் பேச மாட்டாங்க. நாங்கதான் நாலு பேர்கிட்டயும் பேசணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து இதை உன் அத்தாவிடம் போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு லைசென்ஸ் உண்டா?" என்றார். நம் உர, விதைக் கடையில் உட்கார்ந்த புத்தி எங்கே போகும்!

அடுத்த நாள், தையல் பிரிக்க வேண்டியதில்லை, கண்ணைச் சும்மா பார்த்தால் போதும் என்று, உங்கள் போர்ட்டலை வைத்திருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கே போனோம். நீ ஏதோ போன் வந்து வெளியே போய்விட்டாய். மருந்து போட வந்த தலைமை நர்ஸ் ஸ்டெல்லா, நான் உன் தாய் என்று தெரிந்ததும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதை நான் உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. "அம்மா, முன்னாடியெல்லாம் ஒரு ரிசல்ட் வரலைன்னா லேப் கம்பெனிக்காரங்க எங்க பக்கம் சரியா இருக்கு, மத்தவங்களக் கேளுங்கன்னு சொல்வாங்க. அவங்களக் கேட்டா இவங்களக் கைகாட்டுவாங்க. நடுவுல பேஷண்ட் உக்காந்திருப்பாரு. இப்ப நான் யாரையும் கேக்கறதில்ல. உங்க மகன் ஆபீஸுக்குப் போன் பண்ணிடுவேன். தப்பு யார் பக்கம்னு பாத்து, தங்களோட பக்கம்னாலும் தங்களோட பக்கம்னு சொல்லிடுவாங்க" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உன்னை யாரும் இதுவரை என்னிடம் அப்படிப் புகழ்ந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கூட "பையன் சாதுங்க" என்றுதான் சொல்வார்கள், அது மார்க் குறைந்தவர்களைப் பற்றிச் சொல்கிற வார்த்தை.

அன்று முழுக்க எனக்கு ஒரே கேள்வி. இவ்வளவு உபயோகமான வேலை என்றால் நீ ஏன் இப்படிக் கன்னம் ஒட்டிப் போயிருக்கிறாய்? அன்றிரவு சாப்பிடும்போது கேட்டதற்குத்தான் நீ அந்தக் காகிதத்தை எடுத்துவந்தாய். நாம் பேசியது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"அம்மா, பெரிய கம்பெனிங்க இப்ப அவங்க மென்பொருளோட போர்ட்டலையும் சேத்து சும்மாவே குடுக்கறாங்க. நான் காசு கேக்கணும். என்னை மாதிரி தனியா போர்ட்டல் மட்டும் செய்யறவங்க ஒவ்வொருத்தரா வித்துட்டுப் போறாங்க. அந்தப் பெரிய கம்பெனிங்கள்ல ஒருத்தர்தான் என்னை வாங்கறேங்கறாங்க."

"சும்மா குடுக்கறவனுக்கு உன்னை வாங்க வேண்டிய அவசியம் என்ன?"

"அவங்களோடது அவங்க சாமானோட மட்டும்தான் ஒழுங்காச் சேரும். என்னோடது எல்லாரோடயும் சேரும்."

"அப்ப எல்லாரோடயும் சேர்றது அவங்களுக்கு வேணும்னு வாங்கறாங்களா?"

"இல்லம்மா. என் கஸ்டமருங்க வேணும்னு வாங்கறாங்க. மத்த கம்பெனி மென்பொருளோட சேர்க்கறத ஒரு வருஷத்துக்கப்புறம் படிப்படியாக் குறைச்சுக்குவோம்னு ஒரு வரி போட்டிருக்காங்க" என்றாய். மூன்று வருஷம் நீ பெங்களூரில் அவர்கள் ஆபீஸில் இருக்க வேண்டும், பதினோரு பேரில் ஏழு பேருக்கு அங்கே வேலை உண்டு, மற்ற நாலு பேருக்கு நீதான் வழி சொல்ல வேண்டும், பதில் வெள்ளிக்கிழமைக்குள். இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் நான் "போடு" என்றேன். ஏன் சொன்னேன் தெரியுமா? உன் கன்னத்தைப் பார்த்துச் சொன்னேன். என் பிள்ளை நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்றிருந்தது. வேறு எதையும் யோசிக்கவில்லை. அந்த ஒரு வரியை யோசிக்கவே இல்லை. ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கி நம் கடையைப் பார்த்த பிறகுதான் அந்த வரி எனக்கு உறைத்தது. அதே வரியில் நானும் ஒரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

உனக்குக் கடையின் நல்ல நாட்கள்தான் தெரியும். உன் அத்தா சௌதிக்குப் போன பிறகு, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நான் கல்லாவில் உட்கார்ந்தபோது ஊரே பேசியது. "பாய் வீட்டுப் பொம்பளை உரம் விக்குது" என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உண்டு. வேடிக்கை பார்க்க வந்தவர்களே ஒரு வருஷத்தில் வாடிக்கைக்காரர்களாகி விட்டார்கள். காரணம் என் சாமர்த்தியம் இல்லை. எனக்கு விவசாயம் தெரியாது, அதனால் கேட்பேன். விதை நெல் கேட்டு யார் வந்தாலும் மூன்று கேள்வி. எந்த வாய்க்கால் பாசனம்? வயல் மேடா பள்ளமா? தண்ணீர் வந்தால் எத்தனை நாளில் வடியும்? பதிலைக் கேட்டுக்கொண்டு, அதே வாய்க்காலில் போன வருஷம் யாருக்கு எது நன்றாக வந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். கடையில் ஏழெட்டுக் கம்பெனிப் பைகள் இருக்கும். எது விற்றாலும் எனக்கு ஒன்றுதான் என்பதால் எதையும் தள்ளிவிட வேண்டிய அவசியம் இல்லை.

நீ எட்டாவது படித்தபோது ஒரு விதைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பளபளவென்று பெயர்ப்பலகை, புது அலமாரி, கூடுதல் கமிஷன் என்று எல்லாம் சொன்னார்கள். தங்கள் விதையை முன்னால் வைக்க வேண்டும், மற்றவர்களுடையதைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை. நான் நிமிஷத்தில் போட்டேன். முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. அவர்கள் விதையும் மோசமான விதை இல்லை, மேட்டு வயலில் ஜம்மென்று வந்தது. இரண்டாம் வருஷம் சம்பாவுக்கு வாங்க வந்தவர் கோவிந்தசாமி அண்ணன். உனக்கு ஞாபகம் இருக்கும், உன்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர், அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்த நிலம் வடிகாலை ஒட்டிய பள்ளம். ஐப்பசி மழையில் இடுப்பளவு நிற்கும், ஒரு வாரம் வடியாது. நெட்டையாக வளர்ந்து தண்ணீருக்கு மேலே தலையை நீட்டுகிற பழைய ரகம்தான் அங்கே பிழைக்கும். அந்த ரகம் என் கடையில் இல்லை. இருந்தது கம்பெனியின் குட்டை ரகம்.

அன்று நான் என்ன செய்தேன் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எந்த வாய்க்கால் என்று கேட்டேன். அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை. பையை எடுத்துக் கொடுத்தேன். அவர் தலையில் வைத்துக்கொண்டு போனார். அந்த ஐப்பசியில் பெய்தது உனக்கே தெரியும், உன் பள்ளிக்கூடம் கூடப் பத்து நாள் மூடிக் கிடந்தது. தண்ணீர் வடிந்தபோது ஆறு மாவிலும் ஒரு பயிர் இல்லை. மறு வருஷம் குத்தகை கைமாறிவிட்டது. அவர் மறுபடியும் கூலிக்குப் போனார். கடைப் பக்கம் வரவில்லை. "மாமா ஏம்மா வர்றதில்ல?" என்று நீ கேட்டாய். மாயவரத்தில் விலை குறைவாம், அங்கே போகிறார் என்று சொன்னேன். அது பொய். பெற்ற பிள்ளையிடம் நான் சொன்ன பொய்களில் பெரியது அதுதான்.

உடனே பலகையைக் கழற்றிப் போட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கழற்றவில்லை. எட்டு வருஷம் வைத்திருந்தேன். அந்தக் கமிஷனில்தான் நீ என்ஜினீயரிங் படித்தாய். நீ கடைசிப் பரீட்சை எழுதிய பிறகுதான் இறக்கினேன். அதனால் உன்னைப் பார்த்து "விற்காதே, அது பாவம்" என்று சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பலகை இல்லாவிட்டால் உனக்கு இந்த ஆபீஸே இல்லை. இரண்டும் உண்மை, இரண்டையும் நான் சுமக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த எட்டு வருஷத்தில் விவசாயிகள் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். வருவார்கள், அலமாரியைக் காட்டுவார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள். நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். வியாபாரம் நடந்தது. பலகையை இறக்கி, பழையபடி எல்லாக் கம்பெனிப் பையையும் வைத்து, மூன்று கேள்வியையும் மறுபடி கேட்க ஆரம்பித்தபோது, "என்ன பாயம்மா, புதுசா விசாரணையெல்லாம்?" என்று சிரித்தார்கள்.

இதையெல்லாம் உன் வேலையோடு வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றும் முடிவாகத் தெரியவில்லை, ஆனால் கேள்வியாக வருகிறது. கேட்கிறேன், பதில் சொல். உன்னை மாதிரி தனியாக நிற்கிறவர்கள் எல்லோரும் போய்விட்டால், லேப்காரர்களும் மருந்துக் கிடங்குக்காரர்களும் ஒருவரை ஒருவர் கைகாட்டும்போது ஸ்டெல்லா யாருக்குப் போன் செய்வாள்? ஒரு ஊருக்கு அப்படி ஒருவர் வேண்டும் என்றால், அதற்குக் காசு கொடுக்கவும் யாராவது இருப்பார்கள்தானே? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடாமல் நம் பக்கத்து அரிசி ஆலைகள், காலேஜுகள் என்று சின்னச் சின்ன இடமாகப் போனால் தாக்குப்பிடிக்காதா? இல்லை, நான் உளறுகிறேனா? கவிதா வேறொரு குண்டையும் போட்டாள். "இன்னும் கொஞ்ச நாள்ல இந்த போர்ட்டல் பக்கமே இருக்காதும்மா. வாயால கேட்டாப் போதும், கம்ப்யூட்டர் நாலு இடத்துலயும் தேடிப் பாத்துப் பதில் சொல்லிடும்" என்றாள். நான் பயந்துபோய், "யார் கேட்டாலும் சொல்லிடுமா? டாக்டர் சம்பளம் எவ்வளவுன்னு வாட்ச்மேன் கேட்டா?" என்றேன். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அதுதாம்மா எங்க வேலையே. யாருக்கு எதச் சொல்லலாம், எதச் சொல்லக்கூடாதுங்கறது. பக்கம் போனாலும் அது போகாது" என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருக்காது. அந்த வேலையை, நாலில் ஒரு கம்பெனியின் ஆளே செய்தால் என்ன ஆகும், யாருக்கும் சேராதவர் செய்தால் என்ன ஆகும் என்று நீ உட்கார்ந்து யோசித்தாயா? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். அறுபத்திரண்டு வயதில் எனக்கு இது ஒரு புதுப் பைத்தியம்.

இன்னொன்று, கடைக்காரியாகக் கேட்கிறேன். அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாயா? எல்லோரோடும் சேர்வதை இத்தனை வருஷம் நிறுத்தக்கூடாது என்று மாற்றி எழுதச் சொன்னாயா? நான் அன்று பேரம் பேசவில்லை. ஒரு மூலையில் மற்ற ரகம் நாலு மூட்டை வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தால் அவர்கள் மறுத்திருப்பார்களோ என்னவோ, கேட்கவே இல்லையே. பலகையின் பளபளப்பில் வாய் அடைத்துப் போயிற்று. கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிறவளுக்கு அன்று என்ன வந்ததோ. அவர்கள் முடியாது என்றால், எதை வாங்க வந்தார்கள் என்று உனக்கு இன்னும் தெளிவாகத் தெரியும்.

நேற்று நான் கோவிந்தசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். உனக்கு எழுத வேண்டுமானால் முதலில் அவரிடம் சொல்லாமல் எழுதக்கூடாது என்று பட்டது. இப்போது அதே வாய்க்காலில் மூன்று மா சொந்தமாக வைத்திருக்கிறார், மகள் பாங்க்கில் வேலை பார்த்து வாங்கிக் கொடுத்தது. நாற்காலி போட்டார், சர்பத் வந்தது. குடிக்காமலே சொல்லிவிட்டேன். "அண்ணே, அந்த வருஷம் உங்க வயல் பள்ளம்னு எனக்குத் தெரியும். அந்த விதை நிக்காதுன்னும் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அவர் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "பள்ளத்துக்கு அது ஆகாதுன்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு பாயம்மா" என்றார்.

"அப்புறம் ஏன் வாங்கிட்டுப் போனீங்க?"

"நீங்க எப்பவும் மேடா பள்ளமான்னு கேப்பீங்க. அன்னிக்குக் கேக்கல. நீங்களே கேக்கலன்னா, இது எங்க போட்டாலும் வரும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். உங்களை மீறி நான் என்னத்த யோசிக்கறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை மகனே. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னார், சர்பத்தைக் குடிங்க என்றார். நான் அங்கேயே அழுதேன். அவர் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து என்னவோ ஏதோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டெல்லாவும் உன்னை மீறி யோசிக்கப்போவதில்லை. உன் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் போனால், உன்னை நம்பி அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். அதனால் நான் கேட்பது ஒன்றுதான். அவளிடம் போய் அந்த ஒரு வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டு. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளுடைய லேபுக்கும் மருந்துக் கிடங்குக்கும் என்ன ஆகும் என்று சொல். பெங்களூரில் வேலை கிடைக்காத அந்த நாலு பேரிடமும் சொல். அதற்குப் பிறகு நீ கையெழுத்துப் போட்டாலும் உன் அம்மாவுக்குச் சம்மதம், பெங்களூருக்கு நானே வந்து சமைத்துப் போடுகிறேன். போடாவிட்டாலும் சம்மதம், உன் கன்னத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கோவிந்தசாமி அண்ணனிடம் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. நீ வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு.

துஆவுடன்,
உன் அம்மா